முதலில் யாரை ஏற்றுவது

போன மாதம் எங்கள் முன்னாள் ராணுவ வீரர்கள் சங்கத்தின் கூட்டத்துக்கு, இப்போது மலேசிய ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருக்கும் ஒரு தம்பி வந்திருந்தார். விடுமுறையில் கிள்ளானுக்கு வந்தவர். இப்போதெல்லாம் ஒவ்வொரு சிப்பாயிடமும் இது இருக்கும் என்று ஒரு கட்டுப்பட்டையை எடுத்துக் காட்டினார். கையோ காலோ சிதைந்துபோனால், அடிபட்டவனே ஒரு கையால் இழுத்து முறுக்கி ரத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் ஆளாளுக்கு வாங்கித் தொடையில் மாட்டிப் பார்த்தோம். எங்கள் காலத்தில் அது ஒரு முக்கோணத் துணியும் ஒடித்த குச்சியும்தான்.

பேச்சு அப்படியே நீண்டு, "அங்கிள், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று அந்தத் தம்பி கேட்டார். அதற்குள் யாரோ பசியாறக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்துவிட்டோம். பதில் சொல்லாமல் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் மனைவியிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில் பெட்டிகளை இணைத்துப் பிரிக்கும் வேலையில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தபோது, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கோயிலில் பாதிரியார் மந்திரித்த மாதா சுரூபம் ஒன்றைக் கழுத்தில் போட்டு அனுப்பிவைத்தார். போர்ட்டிக்சன் ராணுவ முகாமில் பெற்ற பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், விழுந்தோம், வசவு வாங்கினோம், எழுந்து ஓடினோம். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்திருந்ததால் என்னை மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அது முடிந்ததும் பேராக் மாநிலத்தின் வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பட்டாளத்தில் போட்டார்கள்.

மூர்த்தியை அங்கேதான் சந்தித்தேன். பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் பிளட்டூனில் தமிழர்கள் நாங்கள் இருவர்தான். அவனுக்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை. அதனால் ரோந்து போகும்போது வரிசையின் முன்னால் நடப்பவனாக அவனைப் போட்டிருந்தார்கள். பாதையில் ஓர் இலை திரும்பிக் கிடந்தாலும் நின்றுவிடுவான். அவன் கை உயர்ந்தால் பின்னால் அத்தனை பேரும் உறைந்து நிற்போம். ஊருக்குப் போனால் ஒரு பழைய மோட்டார்சைக்கிளை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்ட வேண்டும் என்பதுதான் அவன் பேச்செல்லாம். ராணுவத்தில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால், தோட்டத்தில் காலை மூன்றரைக்கு எழுப்புகிறார்கள், இங்கே ஐந்து மணிக்குத்தான் எழுப்புகிறார்கள் என்பான்.

காட்டில் நடப்பதற்கு ஒரே ஒரு விதிதான். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில்தான் உன் காலை வைக்க வேண்டும். கம்யூனிஸ்டுகள் பாதைகளில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். மரப்பெட்டியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும் கையால் செய்தவை என்பதால் கருவிகளுக்கு அகப்படாது. ஆளைக் கொல்வதற்காக வைத்ததல்ல அது. ஒரு காலை எடுப்பதற்காக வைத்தது. ஒருவன் கால் போனால் அவனைத் தூக்க நாலு பேர் வேண்டும், காவலுக்கு நாலு பேர் வேண்டும். ரோந்து அங்கேயே நின்றுவிடும்.

மருத்துவப் பிரிவில் எனக்கு மேலே இருந்தவர் சார்ஜன் இத்ரிஸ். கிளந்தான் மாநில மலாய்க்காரர். ஒல்லியாக, தோள்கள் சற்று முன்வளைந்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்களை எல்லாம் 'அடிக்' என்று, தம்பி என்ற பொருளில்தான் கூப்பிடுவார். என் மருந்துப் பையை அவர் வாரத்துக்கு ஒருமுறை சோதிப்பார். முக்கோணத் துணியால் என் கண்ணைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லுவார். நான் தடவாமல் எடுத்து நீட்ட வேண்டும். கத்தரிக்கோல் கேட்டு என் கை ஒரு கணம் தயங்கினாலும், பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். திட்ட மாட்டார். நான் மறுபடியும் அடுக்க வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடிபட்டவனைத் தொடுவதற்கு முன்னால் தன் பெயரைச் சொல்லுவார். "நான் இத்ரிஸ். இப்ப உன் காலைத் தொடப் போறேன்." நினைவு இல்லாதவனிடமும் சொல்லுவார். ஒருமுறை உயிர் போன ஒருவனின் சட்டைப் பொத்தானை மாட்டும்போதும் சொன்னார். வலி மருந்து ஊசி போட்டவுடன், போட்ட நேரத்தைப் பேனாவால் அவன் நெற்றியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் அடுத்து வருகிறவன் தெரியாமல் இன்னொன்று போட்டுக் கொன்றுவிடுவான். மற்றவர்கள் கிறுக்குவார்கள். இத்ரிஸ் இடது கையால் அவன் தலைமுடியை ஒதுக்கி, வியர்வையைத் துடைத்து, நல்ல கையெழுத்தில் எழுதுவார்.

நான் போன முதல் வருடத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வரிசையின் நடுவில் ஒருவன் அலறினான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பையின் வாரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததில் மல்லாந்து விழுந்தேன். இத்ரிஸ். தரையில் குப்புறப் படுத்து, கத்தி முனையால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே அங்குலம் அங்குலமாக அடிபட்டவனிடம் போனார். அவர் போன தடத்தில் என்னை வரச் சொன்னார். அந்தப் பையன் அலறிக்கொண்டே இருந்தான். அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு மெதுவாகப் போவதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம், மிகக் கஷ்டமான விஷயமும் அதுதான். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டாவது வெடி ஒன்று புதைந்திருந்ததை அவருடைய கத்தி முனைதான் கண்டது.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த பருவம். கம்யூனிஸ்டுகளின் முகாம் ஒன்று ஒரு மலைச்சரிவில் இருப்பதாகத் தகவல் வந்து, எங்கள் பிளட்டூன் ஏறியது. பெரிய வேலை என்பதால் சார்ஜன் இத்ரிஸும் கூட வந்தார். பிளட்டூனுக்குத் தலைவர் ஒரு இளம் லெப்டினன்ட். நல்லவர். தன் ஆட்கள்மீது உயிரையே வைத்திருந்தார்.

முகாமை நெருங்கும்போது எதிரிலிருந்து சுட்டார்கள். நாங்களும் சுட்டோம். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அவர்கள் மலையின் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். மூர்த்தி முன்னால் போய்ப் பார்க்க எழுந்தான். பத்தடி தாண்டியிருக்க மாட்டான். வெடித்தது.

படுத்துக் குத்திப் பார்த்துக்கொண்டே அவனிடம் போனேன். இடது பாதம் இல்லை. கணுக்காலுக்கு மேலே சதையும் மண்ணும் பூட்ஸ் துண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன. "நான் பிரான்சிஸ். இப்ப உன் காலைத் தொடப் போறேன்டா" என்றேன். முட்டிக்கு மேலே துணியைச் சுற்றிக் குச்சி கொடுத்து முறுக்கினேன். ரத்தம் நின்றது. ஊசி போட்டேன். முடியை ஒதுக்கி நெற்றியில் நேரத்தை எழுதினேன். அவன் என்னைப் பார்த்து, "கால் இருக்காடா?" என்றான். பாதம் போச்சு, மிச்சம் இருக்கு என்று உள்ளதைச் சொன்னேன். முட்டி இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். முட்டி இருந்தால் மோட்டார் ஓட்டலாம் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் முகாமுக்குள் போனவர்கள் குரல் கொடுத்தார்கள். ஒரு கூரைக்குக் கீழே ஒரு பெண் கிடந்தாள். கம்யூனிஸ்டு உடுப்பு. எங்கள் வயதுதான் இருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வயிற்றில் குண்டு பட்டிருந்தது. அவளிடமும் என் பெயரைச் சொன்னேன், மலாயில். வெளியே ரத்தம் அதிகமில்லை. ஆனால் வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. கையெல்லாம் குளிர்ந்த வியர்வை. நாடி வேகமாக, நூல் மாதிரி ஓடியது. உள்ளே கசிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. தண்ணீர் கேட்டாள். வயிற்றில் காயம் பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தத் துணியை உறிஞ்சினாள்.

ஹெலிகாப்டர் வருவதாக வயர்லஸில் சொன்னார்கள். அந்தச் சரிவில் இறங்க இடமில்லை. மரங்களுக்கு மேலேயே நின்று, கயிற்றில் தூக்குப் படுக்கையை இறக்கி ஒவ்வொருவராகத்தான் ஏற்ற வேண்டும். மேற்கே மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒருவரை ஏற்றுவதற்குள் மூடிக்கொண்டால் இரண்டாமவர் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

லெப்டினன்ட் யோசிக்கவே இல்லை. என் ஆள்தான் முதலில் என்றார். ஆட்கள் மூர்த்தியின் ஸ்ட்ரெச்சரைத் தூக்கத் தயாராகிவிட்டார்கள். சார்ஜன் இத்ரிஸ் வந்து லெப்டினன்ட்டுக்கு முன்னால் நின்றார். காயம் பட்டவர்களை எந்த வரிசையில் அனுப்புவது என்பது மருத்துவப் பிரிவின் பொறுப்பு, துவான், என்று மேலதிகாரிக்குரிய பணிவோடுதான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரையும் தொட்டது நீ. யாரை முதல்ல ஏத்தணும், சொல்லு."

அவரே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரையும் அவரும் பார்த்திருந்தார். என்னைக் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூர்த்திக்கு ரத்தம் நின்றுவிட்டது, நாடி நன்றாக இருக்கிறது, காலை வரை உயிர் தாங்கும். அவள் ராத்திரியைத் தாண்ட மாட்டாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் மூர்த்தியோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். விடுமுறையில் அவனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அவன் கிளம்பும்போதெல்லாம் அம்மா அவன் பையில் பலகாரம் கட்டிக் கொடுப்பார்.

"அந்தப் பொண்ணு" என்றேன்.

ஒருவன் கையிலிருந்த ஸ்ட்ரெச்சர் பிடியைக் கீழே போட்டான். இன்னொருவன், அந்த வெடியை வைத்ததே இவளாக இருக்கும் என்றான். இருக்கலாம், அதை விசாரிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் இத்ரிஸ். லெப்டினன்ட் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

ஹெலிகாப்டரின் காற்றில் மரங்கள் பேயாட்டம் ஆடின. படுக்கை இறங்கியது. நானும் இத்ரிஸும் அவளைக் கட்டினோம். மேலே போகும்போது அது மெதுவாகச் சுழன்றது. மூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்து மயக்கத்தில் அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

"டேய், அடுத்தது நான்தானே?"

"ஆமாடா, அடுத்தது நீதான்" என்றேன்.

படுக்கை மறுபடி இறங்கவில்லை. மேகம் சரிவை மூடிவிட்டது. சத்தம் தேய்ந்து தேய்ந்து மலைக்கு அப்பால் போனது. அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மூர்த்தி அதை விட்டுவிட்டான்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் அவனை ஏற்றினோம். அதற்குள் காயத்தில் விஷம் ஏறி, கட்டுக்குக் கீழே கால் நிறம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் தொடையோடு எடுத்துவிட்டார்கள். முதல் நாளே வந்திருந்தால் முட்டியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முட்டி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் காலை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். முட்டி இருந்தால் படி ஏறலாம், குந்தி எழலாம், வேலை செய்யலாம். இல்லாவிட்டால் செயற்கைக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

காட்டிலிருந்து இறங்கி வந்ததும் சார்ஜன் இத்ரிஸிடம் கேட்டேன், ஏன் என்னைச் சொல்ல வைத்தீர்கள் என்று. அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பிழிந்து கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் சொல்லியிருந்தா, நீ சாகுற வரைக்கும் என்னைத் திட்டியிருப்ப. அடுத்த தடவை நான் கூட இருக்க மாட்டேன், அடிக்."

நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் கேட்டேன். உன் பையை வாங்கி வைத்திருப்பேன் என்றார்.

விடுமுறை கிடைத்ததும் மூர்த்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பார்க்க வந்த பிளட்டூன் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"நீதான் சொன்னியாமே."

ஆமா என்றேன்.

"அவ பொழச்சாளா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொய் சொல்லியிருக்கலாமோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன். "இல்லடா. அறுவை சிகிச்சை செஞ்சாங்க. மறுநாளே போயிட்டா" என்றேன்.

மூர்த்தி போர்வையின் தட்டையான பக்கத்தை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "இனிமே என்னைப் பார்க்க வராத" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் நிறையப் பேரைத் தூக்கியிருக்கிறேன். பிழைத்தவர்களும் உண்டு, பிழைக்காதவர்களும் உண்டு. கம்யூனிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் ஆனது என்ற செய்தி வந்தபோது நாங்கள் முகாமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வானொலியில் சொன்னார்கள். யாரும் கை தட்டவில்லை. ஒருவன் மட்டும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அவனுடைய தம்பி அந்தக் காட்டில் செத்திருந்தான். அந்தப் பெண்ணையும் நினைத்தேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவளுடைய ஆட்களில் உயிரோடு இருந்தவர்கள் காட்டை விட்டு வெளியே வந்திருப்பார்கள். அவளுக்காக எந்த வீட்டிலாவது யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா என்பதும் தெரியாது.

காலம் முடிந்து சார்ஜனாக வெளியே வந்தேன். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலை. விரல் வெட்டிக்கொண்டவர்கள், மயங்கி விழுந்தவர்கள். என் மனைவிக்கு என்மீது ஒரு புகார் இருந்தது. கடைத்தெருவில் அவளோடு சேர்ந்து நடக்காமல் பின்னாலேயே வருகிறேனாம். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் அவள் கால் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நான் நடக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் உதிர்ந்த இலைமேல் அவர்களை நடக்க விடமாட்டேன். காரணம் கேட்டால் பாம்பு என்பேன்.

மூர்த்தி செய்தி மட்டும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பயிற்சி எடுத்து, கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தான். கல்யாணம் ஆனது. என் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பினேன். வரவில்லை. அவன் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எத்தனையோ தடவை அந்தச் சரிவுக்குத் திரும்பப் போய், இரண்டு பேர் நாடியையும் மறுபடி பிடித்துப் பார்த்திருக்கிறேன். பதில் ஒரு தடவைகூட மாறவில்லை. மாறாததால் மனசு லேசாகிவிடவும் இல்லை.

அம்மா இறந்தபோது பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அடக்கப் பூசை நடந்தது. முடிந்து பெட்டியைத் தூக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு மூர்த்தி நிற்கிறான். முடி பாதி நரைத்திருந்தது. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, கோயிலின் அத்தனை படியும் ஏறியிருக்கிறான். கல்லறையில் எல்லாம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத்தான் காட்டில் ரொம்ப நாள் வைத்துத் தின்றதாகச் சொன்னான். அவ்வளவுதான். அதிலிருந்து போக்குவரத்து ஏற்பட்டது. தீபாவளிக்கு நான் போவேன், கிறிஸ்துமஸுக்கு அவன் வருவான். அரசியல் பேசுவோம், பந்தாட்டம் பேசுவோம், சர்க்கரை வியாதி பேசுவோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறந்ததில்லை. இப்படியே இருபது வருடத்துக்குமேல் ஓடிவிட்டது.

போன வருடம் ஒரு மதியம் மூர்த்தியின் மனைவி போன் செய்தார். நான் சொன்னால் இவர் கேட்க மாட்டேன் என்கிறார், நீங்கள் வாருங்கள் அண்ணே என்றார். போய்ப் பார்த்தேன். செயற்கைக் கால் உரசி, தொடை முனையில் புண் வந்து, அதை மறைத்தே வைத்திருந்திருக்கிறான். சர்க்கரை வேறு. காய்ச்சல் கொதித்தது. அவனைக் காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

முகப்பில் இருந்த பெண் சக்கர நாற்காலியில் இருந்த அவனைப் பார்த்து, காய்ச்சலும் ரத்த அழுத்தமும் எடுத்து, மஞ்சள் நிற வில்லை ஒன்றை ஒட்டினார். சிவப்பு வில்லைக்காரர்கள் நேராக உள்ளே போவார்கள். மஞ்சள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். மோட்டார் விபத்தில் சிக்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் உள்ளே போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சீன ஆன்டி வந்தார். அவரும் போனார். பிறகு ஏதோ தொழிற்சாலையிலிருந்து ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை, பேச்சு மூச்சில்லாமல், வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவனையும் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூர்த்திக்குக் குளிர் வந்து பல் அடித்துக்கொண்டது. என் சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்திவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே பொறுப்பில் இருந்த மருத்துவ உதவியாளர் எனக்குத் தெரிந்தவர். தொழிற்சாலையில் இருந்த காலத்தில் பழக்கம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழுந்தேன்.

"எங்க போற?" என்றான் மூர்த்தி.

"உள்ள தெரிஞ்ச ஆளு இருக்காரு. சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"உன்னை முதல்ல பார்க்கச் சொல்லுவேன்."

மூர்த்தி என்னை ஏறிட்டுப் பார்த்தான். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தான். கையில் பலம் இல்லை, ஆனாலும் விடவில்லை.

"உக்காரு லா. அன்னிக்கு என்னைக் கேட்டிருந்தா நான் என்னைத்தான் சொல்லியிருப்பேன். யாரக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான். அதனாலதான் படுத்துக் கெடக்கிறவன கேக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டான். "இது எனக்கு வெளங்க ரொம்ப நாளாச்சுடா. என் முட்டி போனது போனதுதான். அதுக்கு நான் சரின்னு சொல்லல. ஆனா நீ சொன்னது சரி."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் பிடித்திருந்த கையின் விரல்கள் தாமாகவே திரும்பி அவன் நாடியில் போய் நின்றன. வேகமாகத்தான் ஓடியது. ஆனால் நிறைவாக ஓடியது.

மூர்த்தி அதைக் கவனித்துவிட்டான்.

"என்ன, தாங்குவேனா?"

"தாங்குவ."

"அப்புறம் என்ன. உக்காரு."

உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்ததாக அவன் பெயரைச் சொன்னார்கள். நான் எழுந்து அவனுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.